கல்லில் எழுதிய நகைக் கணக்கு

நகையை விரும்பாதார் நம் நாட்டில் மிகச் சிலரே. நகையோடு வரும் சீட்டைப் பேணி வைப்போர் அவரினும் சிலர். பத்தரின் எதிரில் அமர்ந்து, உரைகல்லில் உரைத்துப் பார்த்து, தராசு முள் நேர் நிற்பதைக் கண்ட பின்னரே பொன் வாங்கிய காலம் ஒன்று இருந்தது. இன்றோ, எங்கோ ஒரு நகரிலுள்ள வணிகர் காட்டும் படத்தைக் கைபேசித் திரையில் கண்டு, விலையையும் அதன் வழியே செலுத்திவிட்டு, நகை வந்து சேரும் நாளை எண்ணிக்கொண்டிருப்போர் பலராயினர். இதை நான் குறை கூறவில்லை. ஆயினும், தொட்டுப் பாராமல் வாங்கும் பொருளுக்கு எழுத்தன்றி வேறு சாட்சி ஏது? இவ்வுண்மையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நன்குணர்ந்திருந்த ஓர் இடம் நம் நாட்டில் உண்டு. அது தஞ்சைப் பெரிய கோயில்.

முதலாம் இராசராசன் 985 முதல் 1014 வரை அரசாண்டான். அவன் எடுப்பித்த அக்கோயில் கி.பி. 1010-இல் நிறைவெய்தியது. அதன் கல்வெட்டுகளைப் படியெடுத்து, ஹுல்ட்ஷ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் இரண்டாம் தொகுதியாக வெளியிட்டார். போர்ச் செய்தியை நாடி அத்தொகுதியைப் புரட்டுவோர் சற்றே ஏமாற்றம் அடைவர். பக்கம் பக்கமாக அங்கே விரிவது நகைக் கணக்கு. அரசன் அளித்தவை, அவன் தமக்கை குந்தவைப் பிராட்டியார் அளித்தவை, தேவியரும் அதிகாரிகளும் அளித்தவை என எல்லாம் தனித்தனியே எழுதப்பட்டுள்ளன. ஏகவல்லி, சப்தசரி, பதக்கம், திருவடிக்காறை என்று பெயர் சொல்வதோடு கல்வெட்டு நின்றுவிடவில்லை. ஒவ்வொன்றிலும் எத்தனை முத்து, எத்தனை வைரம், எத்தனை மாணிக்கம், எடை எவ்வளவு, விலை எத்தனை காசு என்பதையும் அது சொல்கிறது.

எடையைப் பற்றி இங்கே சற்று நின்று பார்க்க வேண்டும். பொன்னை நிறுத்த எடைக்கல்லின் பெயர் ஆடவல்லான். இரத்தின நகைகளை நிறுத்த கல்லின் பெயர் தட்சிணமேரு விடங்கன். இரண்டும் இறைவனின் திருப்பெயர்கள். எந்தக் கல்லால் நிறுத்தோம் என்பதையும் எழுதி வைத்தமையால், பின்னொரு நாள் எவரேனும் ஐயுற்றால் அதே கல்லால் மீண்டும் நிறுத்துப் பார்க்க இயலும். இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு, இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி என்பது கணக்கு. மஞ்சாடியும் குன்றியும் நாம் சிறு வயதில் பொறுக்கி விளையாடிய செவ்விதைகளே. மேனாட்டார் வைரத்துக்குச் சொல்லும் காரட் என்ற பெயரும் ஒரு மரத்தின் விதையிலிருந்து பிறந்ததுதான்.

எதை நிறுத்தார்கள் என்பது அதனினும் நுட்பமானது. சில நகைகளுக்கு, கோத்த சரடும் சட்டமும் செப்பாணிகளும் நீக்கி எடை குறித்தனர். வேறு சிலவற்றுக்கு, உள்ளே இட்ட அரக்கும் உட்பட இவ்வளவு என்று எழுதினர். இன்றைய வழக்குகளில் பாதி இந்த ஒரு வரி இல்லாமையால் எழுபவை என்பது என் எண்ணம். கல் பதித்த நகையின் மொத்த எடை வேறு, பொன்னின் நிகர எடை வேறு. ரசீதில் இரண்டும் தனித்தனியே இருத்தல் வேண்டும். கல்லை நீக்கி அதன் எடையைக் காரட்டில் குறித்திருத்தல் வேண்டும். நகை வீடு வந்த அன்றே, உறையைப் பிரிக்கும்போதே, அதை நிறுத்து ரசீதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நன்று. இன்று நம் நாட்டில் ஹால்மார்க் முத்திரையோடு ஆறு எழுத்தும் எண்ணும் கலந்த அடையாளக் குறி ஒன்று ஹால்மார்க் பெறும் ஒவ்வொரு பொன் நகையிலும் பொறிக்கப்படுகிறது. இம்முறை 2021 ஜூலையில் தொடங்கியது. அக்குறி இன்றி ஹால்மார்க் நகை விற்கலாகாது என்பது 2023 ஏப்ரல் முதல் நடைமுறை. அதைக் கண்ணாடி வைத்துப் படித்து ரசீதில் எழுதிக்கொண்டால், தஞ்சைக் கணக்கர் மனம் குளிர்வார்.

இனி, அக்கல்வெட்டில் என்னை மிகவும் வியக்க வைத்த பகுதிக்கு வருகிறேன். முத்துகளை வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, கறடு, இரட்டை, சப்பத்தி என்று தரம் பிரித்து, குளிர்ந்த நீருடையது, சிவந்த நீருடையது என்று ஒளியையும் குறித்துள்ளனர். வைரங்களில் பொத்தல் உடையவை, முறிவு உடையவை, செம்புள்ளி உடையவை, கரும்புள்ளி உடையவை என்று குற்றங்களையும் ஒளிக்காமல் எழுதியுள்ளனர். கடல் கடந்து வென்ற பேரரசன், தன் தெய்வத்துக்குத் தான் அளித்த வைரத்தில் புள்ளி உண்டென்று கல்லில் வெட்ட இசைந்திருக்கிறான்! இதில் அவனுக்கு இழுக்கு எதுவும் இல்லை. குற்றமற்ற வைரங்கள் எல்லாம் ஒன்றுபோலவே தோன்றும். புள்ளியுள்ள வைரமோ தன் புள்ளியாலேயே அடையாளம் பெறும். அதை மாற்றி வைக்க நினைக்கும் கைக்கு அப்புள்ளியே காவல்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் தாய்வழி வந்த மோதிரம் ஒன்று காணாமற் போயிற்று. இன்ஷ்யூரன்ஸ் செய்திருந்தார்கள். என்ன கல், எத்தனை காரட், என்ன வேலைப்பாடு என்று கேள்வி வந்தபோது, நீலக்கல் என்பதற்கு மேல் ஒருவராலும் சொல்ல இயலவில்லை. அந்த அம்மையார் நாள்தோறும் முப்பது ஆண்டுகள் அணிந்த மோதிரம் அது. விரல் அறிந்திருந்ததைத் தாள் அறியவில்லை. கிடைத்த தொகை மிகச் சிறிது.

சோழர் காலத்தில் இன்ஷ்யூரன்ஸ் ஏது என்று நீங்கள் கேட்கலாம். கோயிற் பண்டாரத்தைக் காக்கும் பொறுப்பாளரைப் பிரமதேய ஊர்களிலிருந்து அனுப்புமாறு அரசன் ஆணையிட்டபோது, நிலமோ உறவினரோ பொருளோ உடையவர்களாகப் பார்த்து அனுப்பச் சொன்னான். ஏன்? நகை குறைந்தால் ஈடு செய்ய நிலம் உண்டு. ஓடி ஒளிந்தால் பிடித்துக் கேட்க உறவு உண்டு. இழப்பைத் தாங்க வல்லவனிடம் பொருளை ஒப்புவித்தல் என்பதே இன்ஷ்யூரன்ஸின் வேர் அன்றோ?

இன்று அவ்விடத்தில் வங்கிப் பெட்டகம் நிற்கிறது. பலர் அதையே முழுக் காப்பு என்று நம்பியிருக்கின்றனர். 2022 ஜனவரி முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கியின் விதிப்படி, தீ, திருட்டு, கட்டட இடிவு, ஊழியர் மோசடி ஆகியவற்றால் இழப்பு நேர்ந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் நூறு மடங்கு அளவே. உள்ளே என்ன இருக்கிறது என்பதை வங்கி அறியாது. அறிய விரும்புவதும் இல்லை. தஞ்சையில் பண்டாரியும் எழுத்தும் ஒருங்கே நின்றார்கள். வங்கியில் பண்டாரி மட்டுமே உண்டு. எழுத்து நம் பொறுப்பு. ஆகவே, நகை ஒவ்வொன்றையும் தனித்தனியே படம் எடுத்து, மதிப்பீட்டாளரின் சான்றும் பெற்று, அப்பட்டியலை நகை இருக்கும் பெட்டியில் வைக்காமல் வேறிடத்தில் வைத்தல் அறிவுடைமை. பொன் விலை ஏற ஏற மதிப்பையும் புதுப்பித்தல் வேண்டும்.

தபாலில் நகை செல்வதை அஞ்சுவோருக்கு ஒரு செய்தி. கோல்கொண்டாப் பகுதியில் கிடைத்து, பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் கைக்குச் சென்ற நீல வைரத்திலிருந்து பிறந்தது ஹோப் வைரம். 1958 நவம்பரில் நியூயார்க் நகை வணிகர் ஹாரி வின்ஸ்டன் அதை வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு அன்பளிப்பாக அனுப்பினார். எப்படி அனுப்பினார்? பழுப்புத் தாளில் சுற்றி, பதிவுத் தபாலில்! மொத்தச் செலவு 145 டாலர் 29 சென்ட். இதில் தபால் கூலி 2 டாலர் 44 சென்ட் மட்டுமே. எஞ்சியதெல்லாம் பத்து லட்சம் டாலருக்கான இன்ஷ்யூரன்ஸ் கட்டணம். வணிகர் எதற்கு அஞ்சினார், எதற்கு அஞ்சவில்லை என்பதை அந்தச் சீட்டே சொல்லிவிடுகிறது.

பழுது பார்ப்பதைப் பற்றியும் சில சொல்ல வேண்டும். பெரிய கோயிற் பணியாளர் பட்டியலில் ஆடை தைப்பவரோடு இரத்தினத் தையான் என்றொருவரும் இருக்கிறார். மணி கோப்பதே அவர் பணி. முத்துச் சரடு இற்றுப்போகும் என்பதை அறிந்து, அறுவதற்கு முன்னரே மாற்ற ஓர் ஆளை நிலையாக அமர்த்தியிருந்தனர். நாமோ சரடு அறுந்து முத்து தரையில் உருண்ட பின்னரே பத்தரைத் தேடுகிறோம். முத்துக்கு வியர்வையும் வாசனைத் திரவியமும் ஆகா. கழற்றியதும் மெல்லிய துணியால் துடைத்தல் போதும். அரக்கின்மேல் தகடு வைத்துக் கல் பதித்த பழைய நகைகளை நீரில் ஊறவைத்தால் தகடு கறுத்துக் கல் ஒளி இழக்கும். மரகதத்தில் பெரும்பாலும் எண்ணெய் ஊட்டப்பட்டிருக்கும். வெந்நீரும் சோப்பும் அதைப் போக்கிவிடும். மரகதமோ முத்தோ உள்ள நகையைப் பற்றவைக்க நேர்ந்தால், முதலில் கல்லை எடுத்துவிட்டே நெருப்பைக் காட்ட வேண்டும். கொடுக்கும்போது நிறுத்து, வாங்கும்போது நிறுத்து, இரண்டையும் பட்டியலில் எழுதுங்கள். நல்ல பத்தர் இதற்கு வருந்தமாட்டார்.

கல்லை வெளியே எடுக்கும் வாய்ப்பு நேர்ந்தால், அதையும் தனியே நிறுத்துக் குறித்துக்கொள்ளலாம். ஹோப் வைரத்தின் எடை 44.5 காரட் என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். பின்னர் அதைச் சட்டத்திலிருந்து கழற்றி நிறுத்தபோது 45.52 காரட் இருந்தது. பழைய கணக்கை அடித்துவிட்டுப் புதியதை எழுதினார்கள்.