முதற் பட்டதாரி யார்?

ஐக்கிய அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்திலே முதன்முதலிற் பட்டம் பெற்ற கறுப்பினத்தவர் எட்வேட் பூஷே என்று நெடுங்காலமாக எழுதப்பட்டு வந்தது. அவர் பட்டம் பெற்ற ஆண்டு 1874. ஒரு நூல் சொன்னதை மறு நூல் எடுத்தாண்டது. மூல ஏடுகளைப் புரட்டிப் பார்த்தவர் சிலரே.

2014இல் ஒரு குடும்பத்தின் பழைய கடிதங்கள் ஏலத்திற்கு வந்தன. அவற்றை ஆராய்ந்தபோதுதான், றிச்சாட் ஹென்றி கிறீன் என்ற கறுப்பினத்தவர் 1857இலேயே அங்கு பட்டம் பெற்றிருந்தமை வெளிப்பட்டது. நியூ ஹேவன் நகரிற் சப்பாத்துத் தைத்துப் பிழைத்த ஒருவரின் மகன் அவர். ஆசிரியராயிருந்து, பின்னர் மருத்துவம் கற்று, உள்நாட்டுப் போரிலே கடற்படை மருத்துவராகப் பணிபுரிந்து, 1877இல் மறைந்தார்.

அவர் பெயரை எவரும் ஒளித்து வைக்கவில்லை. பட்டதாரிகளின் பட்டியலில் அது இருந்தது. ஆனாற் பட்டியல் நிறத்தைச் சொல்வதில்லை. நிறத்தைச் சொல்வது குடிசன மதிப்பு. அதுவோ இளமையில் அவரைக் கலப்பினத்தவர் என்றது. பிற்காலத்தில் வெள்ளையர் என்றது! மனிதர் ஒருவரே. மாறியது பேனா பிடித்தவரின் பார்வையா, அவர் தாமே மேற்கொண்ட மௌனமா? எதுவாயினும், நிறத்தால் மனிதரைத் தரம்பிரித்த சமுதாயமே அந்த மாற்றத்திற்குப் பொறுப்பு.

'முதல்' என்ற சொல்லே எச்சரிக்கையோடு கையாளத்தக்கது. அதே 1857இல் யேலின் மருத்துவப் பிரிவிலே கோட்லண்ட் கிறீட் என்ற கறுப்பினத்தவரும் பட்டம் பெற்றார். 'பை பீற்றா கப்பா' என்னும் கல்விமான்கள் சங்கத்திற்குத் தெரிவான முதற் கறுப்பினத்தவர் என்ற பெருமையும் பூஷேக்கே சூட்டப்பட்டிருந்தது. ஆனால் அவர் தெரிவானது 1884இல். வேர்மொன்ற் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோர்ஜ் வாஷிங்டன் ஹென்டர்சன் 1877இலேயே தெரிவாகிவிட்டார்.

இவ்வாறு திருத்துவோரைக் காட்டிக்கொடுப்பவராகப் பார்க்கும் நண்பர்கள் எல்லா இயக்கங்களிலும் உண்டு. ஒடுக்கப்பட்டோரின் வரலாற்றிலே ஒரு பிழை எஞ்சியிருந்தால், முதலில் அதைக் கண்டுபிடித்து முழு வரலாற்றையும் எள்ளி நகையாடப் போகிறவன் எதிரி என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பூஷே இதனாற் சிறுத்துவிடவில்லை. தந்தை யேல் மாணவன் ஒருவனின் ஏவலாளாக அந்நகருக்கு வந்தவர். தாய் மாணவரின் உடைகளை வெளுத்தவர். அவர்களின் மகன் 1876இல் அதே யேலிற் பௌதிகத்திற் கலாநிதிப் பட்டம் பெற்றார். அமெரிக்கப் பல்கலைக்கழகமொன்றிற் கலாநிதியான முதற் கறுப்பின அமெரிக்கர் அவரே. இந்த 'முதல்' சோதனைக்கு நின்றுபிடிக்கிறது.

கதையின் கசப்பு அதன் பின்னரே தொடங்குகிறது. ஒளியியலை ஆராய்ந்த அந்தக் கலாநிதிக்கு எந்தப் பல்கலைக்கழகமும் ஆசிரியப் பதவி அளிக்கவில்லை. பிலடெல்பியாவிற் கறுப்பின இளைஞருக்கான பாடசாலையொன்றில் 26 ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தார். 1902இல் அப்பாடசாலையின் நிருவாகத்தினர் உயர்கல்வி வகுப்புகளை மூடிவிட்டுக் கைத்தொழிற் பயிற்சிக்கு மாறினர். கறுப்பினப் பிள்ளைக்குக் கைவேலை போதும் என்ற கருத்து செல்வாக்குப் பெற்றிருந்த காலம் அது. பூஷே வேலை இழந்தார். அதன்பின் ஊர் ஊராக வேறு பணிகள் பார்த்து, நோயுற்று, நியூ ஹேவனுக்குத் திரும்பி 1918இல் மறைந்தார்.

அவருடைய புதைகுழி எவ்வித அடையாளமுமின்றிக் கிடந்தது. யேல் பல்கலைக்கழகம் அதன்மேற் கல் நாட்டியது 1998இல்.