மதுரைக் கால்

யானைக்கால் நோயை நாம் அனைவரும் அறிவோம். மதுரைக் கால் என்றொரு நோயுண்டு என்பதை நம் ஊராரே பலர் அறியார். பள்ளியில் மதுரையின் வரலாற்றைப் பல்லாண்டு கற்பித்த யானும் இதனைச் சொன்னதில்லை. அக்குறையை இன்று தீர்த்துக்கொள்கிறேன்.

1842ஆம் ஆண்டில் கில் என்னும் மருத்துவர் இந்நோயை மதுரையில் கண்டு எழுதினார். 1846இல் நம் ஊர்ப் பெயர் அதற்கு வழங்கலாயிற்று. வெறுங்காலோடு உழைப்பவனை முள் தைக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர் உடன் புகுகிறது. பல திங்கள் கழித்துக் கால் வலியின்றி வீங்குகிறது. புண்ணின் துளைகள் வழியே சீழும் சிறு மணிகளும் வெளிப்படுகின்றன.

கிரேயின் உடற்கூற்று நூலுக்குப் படம் வரைந்த கார்ட்டர், பம்பாயில் இதனை ஆராய்ந்து, காரணம் பூஞ்சைக் காளான் என்றார். 1894இல் வின்சென்ட் என்பார், பாக்டீரியாவாலும் இந்நோய் வருமெனக் காட்டினார். வீங்கிய காலைப் பார்த்து இவ்விரண்டையும் பிரித்தறிதல் அரிது. சதையை மெல்லிய சீவலாக்கிச் சாயமேற்றினால் உண்மை புலப்படும். ஹெமட்டாக்சிலின், இயோசின் என்னும் சாயங்கள், மணியையும், அதனைச் சூழ்ந்த வெள்ளணுக்களையும், புண்ணை ஆற்ற உடல் எழுப்பிய நார்த்திசுவையும் காட்டும். 1884இல் கிராம் வகுத்த முறையில் பாக்டீரியாவின் நுண்ணிழைகள் ஊதாவாகும். வெள்ளியுப்பு முறையில் காளானின் தடித்த இழைகள் கருக்கும்.

இவ்வேறுபாடு சிறிதன்று. பாக்டீரியாவாயின் மருந்தே பெரும்பாலும் குணமாக்கும். காளானாயின் நெடுநாள் மருந்தும் அறுவையும் வேண்டும். சிலர் காலையே இழப்பர். உலகச் சுகாதார நிறுவனம் 2016இல்தான் இதனைப் புறக்கணிக்கப்பட்ட நோய்களின் பட்டியலில் சேர்த்தது. உழவனுக்குக் கால் போயின் பிழைப்பும் போம். ஆகவே, வலியில்லாத வீக்கமென்று வாளாவிராது, மருத்துவரை நாடுக. வயலுக்குச் செல்வோர் செருப்பணிக.