படத்துல அது எந்தக் கலரு?

நில நிர்வாகம், நீடித்த வளப் பாதுகாப்பு என்று பெயர் போட்ட இரண்டு நாள் பயிலரங்குக்குப் போயிருந்தேன். ஆளுக்கொரு ஃபைல், பேனா. திரையில் செயற்கைக்கோள் படம். ஏரி நீலம், காடு பச்சை, தரிசு மஞ்சள். உலக உணவுப் பாதுகாப்புக் குழு 2012இல் ரோமில் ஏற்றுக்கொண்ட நில உரிமை நெறிமுறைகளை விளக்கினார்கள். நல்ல விஷயம்தான். கடைசி வரிசையிலிருந்து செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் எழுந்தார்.

"சார், இந்தப் படத்துல பஞ்சமி நெலம் எந்தக் கலருங்க?"

"இப்ப யார் பேர்ல பட்டா இருக்கோ அதைத்தான் காட்டும், பெரியவரே" என்றார் பயிற்சியாளர். பெரியவர் உட்கார்ந்துவிட்டார். எனக்குத்தான் உட்கார முடியவில்லை.

இந்த மண்ணின் நில நிர்வாகத்தில் நம்ம சனங்களுக்கு மறுக்கப்பட்டது எது என்பது நூறு வருசத்துக்கு முன்பே எழுத்தில் ஏறிய விஷயம். செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர் 1891இல் அரசுக்கு அறிக்கை அனுப்பினார். தரிசு நிலம் கேட்டுப் பறையர்கள் தர்காஸ்து போட்டால், மிராசுதாருக்கே முன்னுரிமை என்று தள்ளப்பட்டதை அதில் காட்டினார். குடியிருந்த மனைகூடச் சொந்தமில்லை. பண்ணையில் எதிர்த்துப் பேசினால் குடிசையைப் பிரித்துவிடலாம். தரிசு சும்மா கிடக்கும், ஆனால் சேரிக்குக் கிடைக்காது. நிலம் கையில் வந்தால் அப்புறம் யார் படியாளாக நிற்பார்கள்?

அதன் தொடர்ச்சியாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை 1010 வந்தது. ஒதுக்கிய நிலத்தைப் பத்தாண்டு விற்கவோ அடகு வைக்கவோ கூடாது. அதற்குப் பிறகும் ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு மட்டுமே கைமாற்றலாம். மீறினால் அரசு திரும்ப எடுக்கலாம். இப்படி ஒதுக்கப்பட்டது சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று நிலமீட்பு இயக்கங்கள் சொல்லிவருகின்றன. கடனுக்கும், மிரட்டலுக்கும், கைநாட்டுக்கும் அது கைமாறியது. 1980களில் யுடிஆர் பதிவு நடந்தபோது அடுத்தவர் பேருக்கே பட்டா ஆனது என்பது ஊருக்கு ஊர் கேட்கிற குற்றச்சாட்டு. நிபந்தனை பழைய 'அ' பதிவேட்டில் கிடக்கிறது. புதுப் பட்டாவில் இல்லை. திரையில் பார்த்த படம் அந்தப் புதுப் பட்டாவின் பிள்ளை.

அதைத் திருப்பிக் கேட்டதற்கு விலை உண்டு. காரணை பஞ்சமி நிலத்துக்காக 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போராடியவர்கள்மீது போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள்.

வளத்தைக் காப்பாற்றச் சொல்லித்தருகிறவர்களிடம் எனக்கு விரோதமில்லை. ஆனால் யாரிடமிருந்து பறிக்கப்பட்ட வளம் என்று கேட்காமல் காப்பாற்றினால், பறித்தவன் சொத்தைத்தான் காப்பாற்றிக் கொடுப்போம். அடுத்த பயிலரங்கின் முதல் வகுப்பு தாலுகா ஆபீஸில் நடக்கட்டும். பழைய 'அ' பதிவேட்டை எடுத்து வையுங்கள், சர்வே எண்ணைப் புதுப் பட்டாவோடு ஒத்துப்பாருங்கள். பாடம் எடுக்க அந்தப் பெரியவரையே கூப்பிடலாம்.