தைலப் போத்தலின் வரலாறு

மே மாதம் முதிர்ந்து, தென்மேற்குப் பருவக்காற்று மலைச்சுவரில் மோதத் தொடங்கிவிட்டால் மஸ்கெலியாவில் வெயிலைக் காண்பது அரிதாகிவிடும். ஏறத்தாழ 4,000 அடி உயரத்தில், சிவனொளிபாத மலைக்கு அண்மையில் அமைந்த ஊர் அது. நாள் முழுவதும் சாரலில் நின்று கொழுந்து பறித்துத் திரும்பும் தாய்மாரின் கம்பளியும் காய்வதில்லை. லயத்துக் காம்பிராவின் சுவரும் காய்வதில்லை. அத்தகைய ஓர் இரவில் குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இரைக்கும்போது, வைத்தியசாலைக்குச் செல்லும் பாதை இருளிலும் மழையிலும் நீண்டு கிடக்கிறது. கைக்கெட்டும் தூரத்தில் இருப்பது தட்டில் வைத்த தைலப் போத்தல் ஒன்றே. அரிசிப் பானைக்கும் சாமிப் படத்துக்கும் அடுத்தபடியாக மலைநாட்டு வீடுகளில் தவறாமல் காணப்படும் பொருள் அது எனலாம்.

அப்போத்தலுக்குள் அடங்கியிருப்பது யாது? அது எங்கிருந்து, எவ்வழியாக இம்மலைக்கு வந்து சேர்ந்தது? இவ்வினாக்களுக்கு விடை தேடுவோர் காப்பியின் அழிவையும், தேயிலையின் எழுச்சியையும், கடல்கடந்த வாணிகத்தையும் ஒருங்கே காண நேர்கிறது.

எண்ணெய் என்ற ஒரே சொல்லால் வழங்கப்படுபவை உண்மையில் இருவகைப்பட்டவை. நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் செக்கிலிட்டு ஆட்டிப் பெறப்படுபவை. அவற்றில் ஒரு துளியைக் காகிதத்தில் விட்டால் கறை நிலைத்துவிடும். யூக்கலிப்டஸ், கறுவா, கராம்பு ஆகியவற்றின் தைலங்களோ காற்றில் பறந்துபோகும் இயல்பின. தூய தைலமாயின் காகிதத்தில் விட்ட துளி சிறிது நேரத்தில் மணத்தைப் பரப்பிவிட்டுப் பெரும்பாலும் கறையின்றி மறையும். இவை வடித்து எடுக்கப்படுபவை. இலையையோ பட்டையையோ ஒரு பெரிய பாத்திரத்தில் இட்டு நீராவியைச் செலுத்தினால், ஆவி தைலத்தையும் சுமந்துகொண்டு வெளியேறும். அதனைக் குளிர்ந்த குழாய் வழியே செலுத்தினால் நீரும் தைலமும் தனித்தனியே பிரிந்து நிற்கும். சித்த வைத்தியர் வாலை என்று வழங்கிய கருவி செய்வதும் இதே தொழிலே. நூறு கிலோ யூக்கலிப்டஸ் இலையை வடித்தால் ஒரு கிலோ அல்லது இரண்டு கிலோ தைலமே கிடைக்கும். ஒரு கிலோ ரோசாத் தைலத்துக்கு 3,000 கிலோவுக்கு மேற்பட்ட இதழ்கள் வேண்டும். ஒரு துளிக்குள் எத்துணை இலை ஒடுங்கியிருக்கிறது என்பதை இக்கணக்கைக் கொண்டு உணரலாம். பின்னர்ச் சொல்லப்படுவன யாவற்றுக்கும் இக்கணக்கே அடிப்படை.

19ஆம் நூற்றாண்டில் திருச்சி, சேலம், மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளை நோக்கி நடந்து வந்த மக்களுள் எண்ணற்றோர் வழியிலேயே மாண்டனர். எஞ்சியோர் பொருள் எதையும் பெரிதாகக் கொண்டுவரவில்லையெனினும், கைமருந்து பற்றிய அறிவைக் கொண்டுவந்தனர். சளிக்கு நொச்சி இலையைக் கொதிக்கவைத்து வேது பிடித்தல், குழந்தையின் வயிற்று வலிக்கு ஓமநீர் கொடுத்தல், நெற்றியில் சுக்கை உரைத்துப் பற்றிடுதல் ஆகியவை அவ்வறிவின் பகுதிகள். இம்முறைகளில் ஒரு காவல் இயல்பாகவே அமைந்திருந்தது. ஒரு பானை நீரில் ஒரு பிடி நொச்சி இலையிலிருந்து கிளம்பும் தைலம் மிகச் சிறிது. வேண்டுமென்றே மிகையாக்க முயன்றாலும் அது எளிதன்று. இலை தன் அளவைத் தானே காத்துக்கொண்டது. போத்தல் அவ்வாறு காப்பதில்லை. இலைக்குப் பழகிய கை, போத்தலைத் திறந்த காலத்திலேயே இடர் தொடங்கிற்று.

அந்தப் போத்தலை நிரப்பிய மரத்தின் கதை சுவையானது. யூக்கலிப்டஸ் ஆஸ்திரேலிய நாட்டு மரம். அங்கே விக்டோரியாப் பகுதியில் ஜோசப் பொசிஸ்டோ என்ற மருந்தாளர் 1852இல் அதன் இலையிலிருந்து தைலம் வடிக்கும் தொழிலைத் தொடங்கினார். அதற்கு முன்னரே, 1843இல், நீலகிரி மலைக்கு அம்மரம் வந்துவிட்டது. விறகுப் பஞ்சத்தைப் போக்கவே அங்கு அது பெருமளவில் நடப்பட்டது. தைலம் வடிக்கும் தொழில் பின்னர் வளர்ந்து, நீலகிரித் தைலம் என்ற பெயர் தமிழகமெங்கும் பரவிற்று.

இலங்கை மலைநாட்டுக்கும் அதே தேவையே மரத்தைக் கொணர்ந்தது. 1869இல் காப்பி இலையில் முதன்முதலாகக் காணப்பட்ட பூஞ்சண நோய், இருபது ஆண்டுகளுக்குள் காப்பித் தொழிலையே அழித்தது. இடையில் சிறிது காலம் காய்ச்சல் மருந்தாகிய கொயினாவைத் தரும் சிங்கோனா மரம் துரைமாருக்குக் கைகொடுத்தது. 1861இல் நிறுவப்பெற்ற ஹக்கலைத் தாவரத் தோட்டம் அம்மரத்தின் பொருட்டே தோன்றியது. விலை வீழ்ந்ததும் சிங்கோனாவும் வீழ, தேயிலை நிலைபெற்றது. 1884இல் இருப்புப்பாதை ஹட்டனை எட்டிற்று. தேயிலையை உலர்த்தும் அடுப்புக்கு விறகு வேண்டும், காட்டை அழித்தாகிவிட்டது, விரைந்து வளரும் மரம் வேண்டும். இவ்வாறு, அழித்த காட்டின் இடத்தில் அயல்நாட்டு மரம் வரிசை வரிசையாக எழுந்தது. தோட்ட மக்கள் அதனை டேர்பன்டைன் மரம் என்று வழங்குவர். அப்பெயர் பிழையானது, டேர்பன்டைன் என்பது பைன் மரத்துப் பாலிலிருந்து வடிக்கப்படும் வேறொரு பொருள். பெயர் பிழையாயினும் வழக்கு வலியது!

இங்கே ஒன்றை அறிதல் நன்று. யூக்கலிப்டஸ் என்பது ஒரு மரமன்று. பல நூறு இனங்களைக் கொண்ட குலம். மருந்துத் தைலத்துக்கு வேண்டிய சினியோல் என்னும் பொருளை மிகுதியாகத் தருவது குளொபியூலஸ் என்ற இனம். மலைநாட்டில் மரத்துக்காகப் பெரிதும் வளர்க்கப்படும் கிராண்டிஸ் என்ற இனத்திலோ அப்பொருள் குறைவு. ஆகவே லயத்துக்குப் பின்னால் நிற்கும் மரத்தின் இலையில் மணம் இருந்தாலும், போத்தலில் உள்ள மருந்து அதில் இருக்குமென்று கொள்வதற்கில்லை. மரத்தை நட்டவரும் வெட்டியவரும் தோட்ட மக்களே. தைலத்தை அவர்கள் கடையில் காசு கொடுத்தே வாங்கினர்.

1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின் பின் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்களுள் பல நீலகிரியின் தேயிலைத் தோட்டங்களில் குடியேற்றப்பட்டன. பிறந்த மண்ணை இழந்து சென்றோரை அங்கும் அதே மரத்தின் மணம் எதிர்கொண்டது.

யூக்கலிப்டஸ் மரம் காய்ச்சலை விரட்டும் என்று 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் நம்பினர். கெட்ட காற்றாலேயே மலேரியா தோன்றுகிறது என்ற கருத்தின்படி, உரோமை நகருக்கு அருகே சதுப்பு நிலங்களில் துறவிகள் அதனை நட்டனர். 1897இல் செகந்தராபாத்தில் ரொனால்ட் ரொஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டறிந்தபோது அந்நம்பிக்கை சரிந்தது. மரம் நீரை உறிஞ்சியதால் நுளம்பு குறைந்திருக்கலாம், மணத்தால் அன்று.

நுளம்பை ஓரளவு விரட்டும் மணத் தைலம் இலங்கையிலேயே பிறந்தது. தென்மாகாணத்தில் மாத்தறை, அம்பாந்தோட்டைப் பகுதிகளில் பயிராகும் சிட்ரனெல்லாப் புல்லின் தைலம் அது. மலைச்சரிவுகளில் தானே முளைக்கும் மானாப் புல் இதற்கு நெருங்கிய உறவு. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உலகச் சந்தை இலங்கைத் தைலத்தையே பெரிதும் நம்பியிருந்தது. சவர்க்காரத்துக்கு மணமூட்ட அது பயன்பட்டது. பின்னர் யாவாவில் வளர்ந்த வகை, தரத்தால் அதனை முந்திற்று. தோலில் தடவிய சிட்ரனெல்லா ஓரிரு மணி நேரத்துக்கு மேல் காவல் தராது. டெங்குக் காலத்தில் அதனை மட்டும் நம்பியிருத்தல் தகாது. தேங்கிய நீரை அகற்றுவதே முதற்காரியம். கறுவாவைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. ஒல்லாந்தர் அதற்காகவே இத்தீவின் கரையைக் கட்டியாண்டனர். ஆனால் பட்டைத் தைலமும் இலைத் தைலமும் ஒன்றல்ல என்பதைப் பலர் அறியார். இலைத் தைலத்தில் மிகுந்திருப்பது கராம்பிலும் உள்ள யூஜினோல். பட்டைத் தைலம் தோலை எளிதில் புண்ணாக்கும். அதனை உடலில் தடவாதிருப்பதே நலம்.

இனிக் கற்பூரம். 1969இல் மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம் நிறைந்தபோது பழைய மஸ்கெலியாப் பட்டணம் நீருக்குள் மறைந்தது. கடும் வறட்சியில் நீர் வற்றினால் பழைய கோயில் வெளித்தெரியும். அதைக் காணச் செல்வோர் பலர். அக்கோயிலில் ஒருகாலத்தில் ஏற்றப்பட்ட கற்பூரத்துக்கும் ஒரு நீண்ட பயணம் உண்டு. கற்பூர மரத்தை வடித்துப் பெறும் தொழில் போர்மோசாத் தீவில் செழித்திருந்தது. 1899இல் யப்பானிய அரசு அதனைத் தன் தனியுரிமையாக்கியதும் விலை ஏறிற்று. செலுலோயிட் செய்வதற்குக் கற்பூரம் வேண்டியிருந்தமையால் உலகெங்கும் தட்டுப்பாடு. இலங்கைத் தோட்டங்களும் கற்பூர மரத்தை நட்டுப் பார்த்தன. அதற்குள் டேர்பன்டைனிலிருந்து கற்பூரம் செய்யும் வழியை ஐரோப்பிய இரசாயனிகள் கண்டுவிட்டனர். இன்று பூசைக்கு வாங்கும் கட்டிகளிற் பெரும்பாலானவை அவ்வழியில் வந்தவையே.

உயர்மலைப் பற்றைக் காடுகளில் வளரும் மற்றொரு செடியையும் குறிப்பிட வேண்டும். சிங்கள மக்கள் வெல் கப்புறு என்று அழைக்கும் அச்செடி நீலகிரியிலும் உண்டு. அதன் இலைத் தைலம் ஏறக்குறைய முழுவதும் மெதைல் சலிசிலேட் என்ற பொருளே; அஸ்பிரினுக்கு உறவானது. மூட்டுவலித் தைலங்களில் மூக்கைத் துளைக்கும் மணம் அதனுடையது. இன்று அது தொழிற்சாலையிலேயே செய்யப்படுகிறது.

இவை தனித்தனியே வந்தவை. இவற்றைக் கலந்து சிறு புட்டியிலடைத்து ஏழையின் கைக்குச் சேர்த்தது வாணிகம். காசிநாதுனி நாகேஸ்வரராவ் 1893இல் பம்பாயில் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கினார். சிங்கப்பூரில் 1928இல் தொடங்கிய நிறுவனமொன்றின் கோடாலித் தைலம் இலங்கைத் தமிழரின் வீட்டுச் சொல்லாகவே ஆகிவிட்டது. 1937இல் கத்தெபோசே என்ற பிரெஞ்சு இரசாயனி மணத் தைல மருத்துவத்துக்கு நூலெழுதிப் பெயரிட்டார். பெயர் புதியது, வேது பிடித்த பாட்டிமாருக்குச் செய்தி புதியதன்று.

ஆயினும் பாட்டிமாரின் பழக்கத்தை அப்படியே போத்தலுக்குப் பொருத்த முடியாது. தூய மணத் தைலத்தை நேரே தோலில் தடவுதல் ஆகாது. மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 20 துளி என்று கொண்டால், 30 மில்லிலீற்றர் தேங்காய் எண்ணெய்க்கு 6 துளி தைலம் நூற்றுக்கு ஒரு பங்காகும். தொடங்குவோருக்கு அது போதும். வளர்ந்தவர் 12 துளி வரை செல்லலாம். முதலில் முன்கையில் சிறிது தடவி ஒருநாள் பார்த்தல் வேண்டும். வேது பிடிக்கும் பெரியவர்களுக்கு இரண்டு மூன்று துளியே மிகுதி. குழந்தைகளைக் கொதிநீர்ப் பாத்திரத்தின் அருகே குனியச் செய்தலே கூடாது. ஆவியைவிடக் கொதிநீர் செய்யும் கேடு பெரிது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகிலோ மார்பிலோ கற்பூரம், மென்தோல், யூக்கலிப்டஸ் கலந்த எதனையும் தடவலாகாது. மூச்சைத் திறப்பதற்குப் பதில் அது மூச்சைத் தடுக்கவும் கூடும். கருவுற்றோரும் வலிப்பு நோயுடையோரும் வைத்தியரைக் கேட்ட பின்னரே இவற்றைத் தொடலாம். விளக்கின் அருகே தைலத்தை வைத்தல் தீயை அழைப்பதாகும்.

எல்லாவற்றினும் கொடியது, சளி இளகட்டும் என்று தைலத்தை உள்ளுக்குக் கொடுப்பது. ஒரு தேக்கரண்டி யூக்கலிப்டஸ் தைலம் சிறு குழந்தையை மயக்கத்திலும் வலிப்பிலும் ஆழ்த்த வல்லது. ஒரு தேக்கரண்டி மெதைல் சலிசிலேட் இருபது அஸ்பிரின் மாத்திரைகளுக்கு நிகர். பூசைத் தட்டிலிருந்து இனிப்பென்று எண்ணிக் கற்பூரக் கட்டியை விழுங்கிய குழந்தைக்கும் வலிப்பு வரலாம். இரவில், மங்கிய வெளிச்சத்தில், இருமல் மருந்துப் போத்தலும் தைலப் போத்தலும் ஒரே தட்டில் அருகருகே நிற்பது தாய்மார் எண்ணிப் பார்க்க வேண்டிய காட்சி.

தவறி உட்கொண்ட குழந்தையை வாந்தி எடுக்கச் செய்யக் கூடாது; தைலம் நுரையீரலுக்குள் புகுந்துவிடும். உப்புநீரும் வேண்டாம், புளிக்கரைசலும் வேண்டாம். அறிகுறி தோன்றட்டும் என்று காத்திராமல் 1990 என்ற எண்ணுக்கு அழைத்தோ, கிடைத்த வாகனத்திலேறியோ அண்மையிலுள்ள அரசினர் வைத்தியசாலைக்குச் செல்ல வேண்டும். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள நச்சுத் தகவல் நிலையத்திடம் அங்குள்ள வைத்தியர் ஆலோசனை கேட்டுக்கொள்வார். குழந்தை விழுங்கியது எத்தைலம், எவ்வளவு, எந்நேரம் என்பவற்றையே அவர் முதலில் கேட்பார். ஆதலின் புறப்படும்போது அந்தப் போத்தலையும் கையோடு எடுத்துச் செல்லுதல் வேண்டும்.