ஆப்டோமெட்ரி படிக்க ஆசையா? விண்ணப்பிக்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

"டாக்டர் ஆக முடியலைன்னாலும் பரவாயில்லை, ஆஸ்பத்திரி சம்பந்தப்பட்ட படிப்புதான் வேணும்." ப்ளஸ் டூ முடிவுகள் வந்ததும் பல வீடுகளில் கேட்கிற வசனம் இது. உடனே நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று மூன்று பெயர்கள் வரும். நான்காவதாக யாராவது ஆப்டோமெட்ரி என்று சொன்னால், "அதுக்கு எதுக்குப்பா நாலு வருஷம்? கண்ணாடிக் கடை வைக்கவா?" என்று கேட்டுவிடுவார்கள். திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் இந்தக் கேள்விக்குப் பயந்தே படிப்பை மாற்றிக்கொள்கிறவர்களும் இருக்கலாம். அவர்களுக்கும் அவர்களின் பெற்றோருக்கும்தான் இந்தக் கட்டுரை.

யார் இந்த ஆப்டோமெட்ரிஸ்ட்?

கண் விஷயத்தில் மூன்று பேரை நாம் குழப்பிக்கொள்கிறோம். எம்.பி.பி.எஸ். முடித்து, மேற்படிப்பில் கண் மருத்துவம் படித்தவர் கண் டாக்டர். அறுவை சிகிச்சை அவருடைய வேலை. சீட்டில் எழுதியிருக்கும் பவருக்கு ஏற்ப லென்ஸ் வெட்டி ஃபிரேமில் பொருத்துபவர் ஆப்டீஷியன். இந்த இருவருக்கும் நடுவில் இருப்பவர்தான் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளப்பது, கண்ணாடி எழுதுவது, கான்டாக்ட் லென்ஸ் பொருத்துவது, மாறுகண், குறைபார்வை உள்ளவர்களுக்குப் பயிற்சியும் கருவியும் தருவது, கண் நீர் அழுத்தம், சர்க்கரை நோயால் வரும் விழித்திரைப் பாதிப்பு போன்றவற்றை ஆரம்பத்திலேயே சந்தேகப்பட்டு டாக்டரிடம் அனுப்புவது எல்லாம் இவர் வேலை.

ஓர் உதாரணம். கார்த்திகை தீபத்தன்று மலை உச்சியில் எரியும் தீபம் தாத்தாவுக்குத் தெளிவாகத் தெரிகிறது. கையில் இருக்கும் பஸ் டிக்கெட்டைப் படிக்க முடியவில்லை. பக்கத்தில் நிற்கும் பேரனுக்கு டிக்கெட் தெரிகிறது, தீபம் மங்கலாக இருக்கிறது. தாத்தாவுக்கு வந்திருப்பது வெள்ளெழுத்து. 40 வயதைத் தாண்டினால் ஏறக்குறைய எல்லோருக்கும் வரும். பேரனுக்குக் கிட்டப்பார்வை. இங்கே ஒரு வேடிக்கை: பாடப்புத்தகத்தில் கிட்டப்பார்வை என்றால் கிட்டே இருப்பது மட்டும் தெரிவது. ஆனால் கடையில் போய் "கிட்டப்பார்வைக் கண்ணாடி கொடுங்க" என்று கேட்கும் பெரியவர், படிக்கும் கண்ணாடியைத்தான் கேட்கிறார். அவர் வார்த்தையை நம்பிக் கண்ணாடி எழுதினால் எல்லாமே தலைகீழ்! வெள்ளெழுத்து என்ற அழகான சொல் இருக்கும்போது அதை ஏன் விட்டோமோ தெரியவில்லை.

இது சின்ன விஷயம் இல்லை. அசாமில் 40 வயதைத் தாண்டிய 751 தேயிலைத் தொழிலாளர்களிடம் நடந்த ஆய்வு 2018-ல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' இதழில் வெளியானது. வெறும் படிக்கும் கண்ணாடி கொடுத்ததிலேயே, கண்ணாடி கிடைக்காதவர்களைவிட இவர்களின் உற்பத்தித் திறன் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்தது. நம்ம மாவட்டத்தில் ஆரணி பட்டுத் தறிகளில் இழை இழையாகப் பார்த்து வேலை செய்பவர்களையும், கோயில் வாசலில் பூ கட்டுபவர்களையும் நினைத்துப் பாருங்கள். கண்ணாடியின் விலை புரியும்.

உண்மையான தயாரிப்பு எது?

பலர் நினைப்பதுபோல உயிரியல் மட்டும் நன்றாகப் படித்தால் போதாது. இந்தப் படிப்பின் முதுகெலும்பு இயற்பியல். ப்ளஸ் டூ இயற்பியல் இரண்டாம் தொகுதியில் வரும் ஒளியியல் பாடங்களை "பரீட்சைக்கு எத்தனை மார்க்?" என்று பார்த்துத் தள்ளிவிடாதீர்கள். லென்ஸின் திறன் என்பது மீட்டரில் சொன்ன குவியத் தூரத்தின் தலைகீழ் எண். அப்படியானால் கண்ணாடிச் சீட்டில் மைனஸ் 2 என்று இருந்தால் என்ன அர்த்தம்? அரை மீட்டருக்கு அப்பால் இருப்பது எதுவும் அவருக்குத் தெளிவாகத் தெரியாது. அதே மைனஸ் 4 என்றால் கால் மீட்டர். வீட்டில் இருக்கும் கண்ணாடிச் சீட்டுகளை எடுத்து இப்படிக் கணக்குப் போட்டுப் பாருங்கள். இது சுவாரசியமாக இருந்தால் படிப்பு உங்களுக்குப் பிடிக்கும். சலிப்பாக இருந்தால், இப்போதே யோசிப்பது நல்லது.

பொறுமையும் வேண்டும். "இது தெளிவா, அது தெளிவா?" என்று ஒரே நாளில் எத்தனையோ பேரிடம் கேட்கிற வேலை இது.

சேர்க்கை எப்படி?

தமிழ்நாட்டில் பி.ஆப்டம் இதுவரை 3 ஆண்டு வகுப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என 4 ஆண்டுப் படிப்பாக இருந்து வருகிறது. அரசுக் கலந்தாய்வில் துணை மருத்துவப் படிப்புகளோடு சேர்த்து, ப்ளஸ் டூ மதிப்பெண் அடிப்படையில் இடங்கள் நிரப்பப்பட்டு வந்திருக்கின்றன. தனியார் நிறுவனங்களில் விதி வேறு. பக்கத்தில் இருக்கும் புதுச்சேரி ஜிப்மரில் துணை மருத்துவப் படிப்புகளுக்கு நீட் மதிப்பெண் பார்க்கிறார்கள். தேசிய ஆணையம் புதிய பாடத்திட்டங்களைக் கொண்டுவருவதால், எந்த ஆண்டு சேர்கிறீர்களோ அந்த ஆண்டின் தகவல் தொகுப்பேட்டைப் படியுங்கள். அண்ணன், அக்கா சேர்ந்த கதையை நம்பாதீர்கள்.

சென்னையில் சங்கர நேத்ராலயாவின் எலைட் ஸ்கூல் ஆஃப் ஆப்டோமெட்ரி 1985-ல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் இந்தப் பட்டப்படிப்புக்கு வழி காட்டிய நிறுவனம் என்று அதைச் சொல்வார்கள். அரவிந்த் கண் மருத்துவமனை ப்ளஸ் டூ முடித்த கிராமத்துப் பெண்களுக்குத் தரும் 2 ஆண்டுப் பயிற்சியும் பிரபலம். நல்ல வாய்ப்புதான், ஆனால் அது பி.ஆப்டம் பட்டம் இல்லை. இரண்டையும் ஒன்றென்று நினைக்க வேண்டாம்.

பெயரில்தான் சிக்கல்!

அதிகம் ஏமாறுவது இங்கேதான். "ஆப்டோமெட்ரி" என்ற பெயரில் ஆறு மாத சான்றிதழ் முதல் பட்டம் வரை எல்லாமே விற்கப்படுகிறது. 2021-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய துணை மற்றும் சுகாதாரத் தொழில்முறை ஆணையச் சட்டத்தின் கீழ் ஆப்டோமெட்ரியும் வருகிறது. சுகாதாரத் தொழில்முறையாளர் என்று பதிவு செய்ய, குறைந்தது 3,600 மணி நேரப் பட்டப்படிப்பு வேண்டும் என்கிறது சட்டம். இந்தச் சட்டத்தில் வரும் படிப்புகளைத் தொலைதூர வழியில் நடத்தக் கூடாது என்று யுஜிசி 2025-ல் சொல்லிவிட்டது. ஆக, "வீட்டிலிருந்தே பி.ஆப்டம்" என்று யாராவது சொன்னால் போனை வைத்துவிடுங்கள்.

கல்லூரியைப் பார்க்கப் போனால் கட்டடத்தை விடுங்கள். எந்தப் பல்கலைக்கழக இணைப்பு? சொந்தமாகக் கண் மருத்துவமனை இருக்கிறதா? தினமும் புறநோயாளிகள் எத்தனை பேர்? கடைசி ஆண்டுப் பயிற்சி எங்கே, உதவித்தொகை உண்டா? ரெட்டினோஸ்கோப் என்று ஒரு கருவி உண்டு. பேசத் தெரியாத குழந்தையின் பவரைக்கூட ஒளியை அசைத்தே கண்டுபிடிக்கலாம். நூற்றுக்கணக்கான கண்களில் பழகினால்தான் அது கைக்கு வரும். நோயாளிகளே வராத கல்லூரியில் அதை எங்கே பழகுவது?

ஏற்கெனவே டிகிரி படிப்பவர்கள்?

கலைஞர் கருணாநிதி அரசு கலைக் கல்லூரியில் இயற்பியல் படிக்கும் ஒருவர் எம்.ஆப்டம் சேர முடியுமா என்றால், முடியாது. அதற்கு பி.ஆப்டம் வேண்டும், முதலாண்டிலிருந்துதான் தொடங்கணும். யூடியூபில் "முதலில் டிகிரி, பிறகு நுழைவுத் தேர்வு, பிறகு நாலு வருஷம்" என்று சொல்வது அமெரிக்க முறை. அங்கே அது ஓ.டி. என்ற பட்டம். நம்ம ஊரில் ப்ளஸ் டூ முடித்ததும் நேரடியாகச் சேரலாம்.

அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த மாணவிகளுக்குப் புதுமைப் பெண், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டங்களில் மாதம் 1,000 ரூபாய் வழங்கப்படுகிறது. தகுதி இருந்தால் சேர்ந்தவுடன் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு விண்ணப்பித்துவிடுங்கள்.