மலாக்காத் தோட்டத் தமிழரும் காய்கறி நாற்றங்காலும்

தமிழ்நாட்டு உழவன் ஆண்டை மாதங்களால் மட்டும் எண்ணியவனல்லன், பட்டங்களாலும் எண்ணியவன். ஆடிப்பட்டம், கார்த்திகைப்பட்டம், தைப்பட்டம், மாசிப்பட்டம், சித்திரைப்பட்டம் என்று அவன் வகுத்த பெயர்கள் விதைக்கும் நாளை மட்டும் குறிப்பன அல்ல. மழை எப்போது வரும், கிணற்றில் எவ்வளவு நீர் நிற்கும், எந்தப் பூச்சி எந்நாளில் எழும், சந்தையில் எது அரிதாகும் என்னும் பல தலைமுறைப் பட்டறிவு அவ்வொரு சொல்லுள் அடங்கியிருந்தது. அப்பட்டறிவைச் சுமந்துகொண்டு நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறிய உழவர் மக்கள், பட்டமே இல்லாத ஒரு நிலத்தில் இறங்கியபோது என்ன செய்தனர்? மலாயாத் தமிழர் வரலாறு எழுதுவோர் ரப்பர் மரத்தைப் பற்றி நிறைய எழுதியுள்ளனர். கங்காணியைப் பற்றியும் கள்ளுக்கடையைப் பற்றியும் எழுதியுள்ளனர். லயத்தின் பின்புறத்துக் காய்கறிப் பாத்தி அவ்வளவு கவனம் பெறவில்லை. ஆயினும் அம்மக்கள் தம் விருப்பப்படி உழைத்த ஒரே நிலம் அதுதான்.

கோடைக் காய்கறிச் சாகுபடி சிறு உழவனின் கணக்குத் திறனுக்கு ஒரு தேர்வு எனலாம். சம்பா அறுவடை முடிந்து பொங்கலும் கழிந்தபின், கிணற்று நீரை மட்டுமே நம்பி வெண்டை, கத்தரி, மிளகாய், வெள்ளரி, பாகல், பீர்க்கு, பூசணி ஆகியவற்றை அவன் இடுவான். பங்குனியில் ஏற்றத்துக்கு எட்டும் நீர் எவ்வளவு, சித்திரையில் எவ்வளவு என்று முன்னரே மதித்து, அதற்குத் தக்க அளவு நிலத்தையே திருத்துவான். வெண்டையையும் கொடிக்காய்களையும் நேரே நிலத்தில் ஊன்றிவிடலாம். கத்தரிக்கும் மிளகாய்க்கும் விதை சிறிது, முளை மெலிது. அவற்றுக்கு நாற்றங்கால் வேண்டும். கிணற்றடிக்கு அருகே, வீட்டார் கண்பார்வையில், மண்ணைப் பொடியாக்கி மட்கிய எருவிட்டு, விதையை மணலோடு கலந்து தூவி, எறும்பு வாராமல் சாம்பலிட்டு, தென்னங்கீற்றால் நிழல் செய்வர். கத்தரி நாற்று 30 முதல் 35 நாளிலும், மிளகாய் நாற்று 40 முதல் 45 நாளிலும் பிடுங்கி நடும் பருவம் எய்தும். எனவே மாசி நடுவில் நடவு முடிய வேண்டுமெனின் தை பிறந்தவுடன் விதை நாற்றங்காலில் விழுந்தாக வேண்டும். இரண்டு கிழமை பிந்தினாலும் பூக்கும் பருவம் கத்தரி வெயிலில் அகப்பட்டுப் பூ உதிரும். நாற்றங்காலுக்கு வேண்டும் இடமோ நடவு நிலத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்குதான். சிறிய இடம், பெரிய கவனம் என்பதே அதன் இயல்பு.

இந்தக் கணக்கு மலாக்காவில் செல்லுபடியாகவில்லை. கோலா சுங்கை பாரு மலாக்கா நீரிணைக் கரையில், சுங்கை பாரு கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்த சிற்றூர். அலோர் காஜா மாவட்டத்தைச் சேர்ந்த அவ்வூரை விட்டு உள்நாட்டுப் பக்கம் சென்றால் மேடும் பள்ளமுமான நிலம். அங்கேதான் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. மேட்டு நிலத்தின் மண் பெரும்பாலும் செம்புறை மண். மலேசிய மண்ணியலார் இவ்வகை மண் ஒன்றுக்கு மலாக்காவின் பெயரையே இட்டிருக்கின்றனர். போர்த்துகீசியர் தம் ஆ பாமோசாக் கோட்டையைக் கட்டியதும் இத்தகைய செம்புறைக் கல்லைக் கொண்டுதான். கோட்டைக்கு உகந்த மண், கத்தரிக்கு அவ்வளவு உகந்ததன்று. கூழாங்கல் போன்ற இரும்புக் கட்டிகள் நிறைந்து, மழைநீரால் சத்துக் கரைந்து போனது.

வானமும் வேறு. மலாக்காவில் சனவரி, பிப்ரவரி மாதங்கள் சற்று வறண்டவை; அக்டோபரும் நவம்பரும் மழை மிக்கவை. எனினும் மழையே பெய்யாத மாதம் என்று ஒன்றை அங்கே சுட்டுவது அரிது. ஏப்ரலுக்குப்பின் நீரிணையைக் கடந்து விடியற்காலையில் வீசும் சுமத்திராக் காற்று ஒரே வீச்சில் பந்தலைச் சாய்த்துவிடும். தமிழ்நாட்டில் கோடை நாற்று நீரின்றி வாடி இறக்கும். இங்கே நீர் மிகுந்து தண்டடி அழுகி இறந்தது. ஆகவே பாத்தியே தலைகீழாயிற்று. ஊரில் தரையைத் தாழ்த்தி நாற்புறமும் வரப்பிட்டு நீரைத் தேக்கினான். மலாக்காவில் மண்ணைக் குவித்து மேட்டுப்பாத்தி செய்து, நீர் வடிய வாய்க்கால் வகுக்க வேண்டியதாயிற்று. நகர்ச் சந்தைக்குக் காய்கறி விளைவித்த சீனத் தோட்டக்காரர் இம்முறையில் வல்லவர். அவர்தம் உயர்ந்த பாத்திகள் எவர் கண்ணுக்கும் எட்டும் இடத்தில்தான் இருந்தன. நாற்றங்காலின்மேல் கட்டிய கீற்றுப் பந்தலும் பொருள் மாறியது. ஊரில் அது வெயிலுக்குக் குடை; இங்கே மழைத்துளியின் அடிக்கும் குடை.

பகற்பொழுதின் நீளமும் நோக்கத்தக்கது. திருச்சிராப்பள்ளியில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேறுபாடு உண்டு. நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பாகை வடக்கே கிடக்கும் மலாக்காவிலோ அவ்வேறுபாடு கால் மணி நேர அளவே. ஆடியில் ஊன்றிப் பகல் குறுகும் காலத்தில் பூக்கும் பழைய பந்தலவரை வகைகளுக்குக் காலம் காட்டும் கருவியே இங்கு இல்லை எனலாம். ஆடிப்பட்டம் தேடி விதை என்னும் பழமொழி மலாக்காவில் நாவில் நின்றது, நிலத்தில் நிற்கவில்லை.

வேறொரு பட்டம் அவர்களுக்கு வாய்த்தது. அதைக் கொடுத்தது ரப்பர் மரமே. ஆண்டுதோறும் பிப்ரவரி, மார்ச்சு மாதங்களில் ரப்பர் இலை உதிர்த்துப் புதுத்தளிர் விடும். அந்நாளில் பால் குறையும். பல தோட்டங்களில் வெட்டும் சில நாள் நிறுத்தப்படும். வருவாய் சுருங்கும், ஓய்வு பெருகும், காட்டில் வெளிச்சம் விழும். இக்காலம் ஊர்க் கணக்கில் மாசியும் பங்குனியும் ஆகும். கோடை விதைப்புக்குப் பாட்டனார் குறித்து வைத்த அதே நாள்கள், முற்றிலும் வேறொரு காரணத்தால், கடல் கடந்த பேரனுக்கும் பொருந்தி வந்தன. மற்றைய நாள்களில், இருள் பிரியுமுன் பிரட்டுக்கு நின்று, பால் எடுத்து நிறுத்து முடிய நண்பகலாகும். அதன்பின் எஞ்சிய மாலைப்பொழுதே பாத்திக்கு உரியது. அதிலும் பெரும்பகுதி பெண்களின் உழைப்பு. பால்வெட்டும் சமையலும் பிள்ளையும் போக மீந்த உழைப்பு.

நாற்று வளர்க்கும் அக்கைகளைத் தோட்ட நிருவாகம் வேறு வகையில் பயன்கொண்டது. மலாயாவின் ரப்பர் வரலாறே ஒரு நாற்றங்கால் வரலாறு. 1876இல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து இலண்டன் கியூ தோட்டத்துக்குக் கொணர்ந்த விதைகள் ஏறத்தாழ 70,000. முளைத்தவை மூவாயிரத்துக்கும் குறைவு. 1877இல் சிங்கப்பூர் வந்தடைந்த கன்றுகள் 22 மட்டுமே. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநர் ரிட்லி ஊக்கியதன் பயனாக, 1896இல் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தான் சாய் யான் என்னும் சீனப் பெருமகனார் சுமார் 40 ஏக்கரில் ரப்பர் நட்டார். அடுத்துப் புக்கிட் ஆசகானில் பெருந்தோட்டம் கண்டார். மலாயாவின் முதல் வணிக ரப்பர்த் தோட்டம் மலாக்கா மண்ணில் எழுந்தது இவ்வாறே. அதற்குமுன் அம்மண்ணில் மரவள்ளி பயிரிட்டுச் சத்தை உறிஞ்சிய பின் லாலாங் புல்லுக்கு விட்டுச் சென்ற நிலங்கள் பல.

ரப்பர் விதை கத்தரி விதையைப் போல ஆண்டு முழுதும் பானையில் காத்திருக்காது; விழுந்த சில கிழமைகளுள் முளைப்புத் திறனை இழந்துவிடும். பொறுக்கி, மணற்படுக்கையில் பரப்பி, நிழலிட்டு, நீர் தெளித்து, முளைத்தவற்றை நாற்றங்காலில் வரிசையாய் நட்டு, களை பறித்துக் காக்க வேண்டும். 1920களில் ஒட்டுக்கன்று முறை பரவியபின், கன்றின் பட்டையைக் கீறி நல்ல மரத்தின் மொட்டைப் பொருத்தும் நுண்தொழிலும் சேர்ந்துகொண்டது. தஞ்சையிலும் திருச்சியிலும் சேலத்திலும் மண்ணோடு பழகிய கைகள் இத்தொழிலை எளிதிற் கற்றன. ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு நாற்று வளர்த்த அக்கைகளுக்குச் சொந்த நாற்றங்கால் இடம் எவ்வளவு?

சட்டம் இதற்கு விடை வைத்திருந்தது. 1923இல் மலாயாவில் வகுக்கப்பெற்ற தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு தோட்டத்தில் தங்கும் தொழிலாளிக்குப் பயிரிடவோ கால்நடை மேய்க்கவோ ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றது. அஃதாவது ஆறேகால் சென்ட். சுமார் 2,720 சதுர அடி. பக்கத்துக்கு 52 அடி கொண்ட ஒரு சதுரம். இரண்டடிக்கு ஒன்றாகக் கத்தரியே நடுவதாயின் 680 நாற்றுகள் கொள்ளும்; அதற்கு வேண்டும் நாற்றங்கால் ஒரு பாய் விரிக்கும் இடமே. ஒரு குடும்பத்தின் குழம்புக்கு இந்நிலம் போதும், விற்கவும் கொஞ்சம் மிஞ்சும். சட்டம் இயற்றியோர் கஞ்சர் என்று இவ்வளவைக் கொண்டு மட்டும் கூறிவிட முடியாது. குறை அளவில் இல்லை, உரிமையில் இருந்தது. நிலம் வேலையோடு வந்தது, வேலையோடு போயிற்று. முதிர்ந்த ரப்பரின் நிழலில் காய்கறி விளையாது. ஆதலால் ரப்பருக்கு உதவாத சரிவும் சதுப்பும் பாத்திக்கு ஒதுக்கப்படுவது எளிதாயிற்று. பல்லாண்டு பலன்தரும் கறிவேப்பிலையையும் தென்னையையும் நடுவதற்கு, நாளையும் இந்நிலம் நமக்கே என்ற உறுதி வேண்டும். அவ்வுறுதி இல்லாதவன் இரண்டு மாதத்தில் காய்க்கும் வெண்டையை நடுவான். லயத்துப் பாத்திகளில் குறுகிய காலப் பயிர் மிகுந்ததற்கு அறியாமையைக் காரணம் காட்டுவோர் இதனை எண்ணிப் பார்த்தாரல்லர்.

துன்பக் காலங்களில்தான் இந்தப் பாத்தி நிருவாகத்தின் கண்ணுக்கும் அரசின் கண்ணுக்கும் தெரிந்தது. முதல் உலகப்போரின் இறுதியில் அரிசி வரவு தடுமாறியபோது, கூட்டு மலாய் நாடுகளில் 1918இல் உணவு உற்பத்திச் சட்டம் பிறந்தது. 1930இல் தொடங்கிய பொருளாதார மந்தத்தில், சட்டம் கூலி வரையறுத்த வட்டாரங்களில் ஆணின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்ணின் கூலி 40 காசிலிருந்து 32 காசாகவும் இறங்கின. பின்னர் மேலும் தாழ்ந்தன. பல்லாயிரவர் தமிழகத்துக்குத் திருப்பி அனுப்பப்பெற்றனர். தங்கியோர்க்குப் பாத்தியின் கீரை கூலியின் ஒரு பகுதியாகவே ஆயிற்று. அண்டை மாநிலமாகிய நெகிரி செம்பிலானில், போர்ட்டிக்சன் வட்டாரத்துச் சுவாவில் தமிழர்க்கென நிலக்குடியேற்றம் ஒன்று அமைந்ததும் 1930களில்தான். அத்தகைய முயற்சிகள் விரல்விட்டு எண்ணத்தக்கனவாகவே நின்றன.

1942 சனவரியில் மலாக்கா ஜப்பானியர் வசமாயிற்று. தன் தேவையில் பாதிக்கு மேற்பட்ட அரிசியை வெளிநாட்டிலிருந்து பெற்றுவந்த மலாயா, கப்பல் நின்றதும் பசியில் விழுந்தது. ரப்பருக்கு விலையில்லை, மரங்களை வெட்டிய இடத்தில் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் ஏறின. சயாம் மரண ரயில் பாதைக்கு ஆடவர் பிடித்துச் செல்லப்பட்ட லயங்களில், பாத்தி பெண்களின் தோளிலேயே நின்றது. அந்த மூன்றரை ஆண்டுகளில் மரவள்ளிக் கிழங்கு தின்று வளர்ந்த தலைமுறை, அமைதி வந்தபின் அதனைத் தட்டில் காணவும் விரும்பவில்லை. இதில் வியப்பில்லை.

போருக்குப்பின் வந்த அழிவு வேறு வடிவினது. 1950களில் வெள்ளையர் தோட்டங்கள் பல துண்டாடி விற்கப்பெற்றன. உங்கு அசீஸ் தலைமையில் இதனை ஆராய்ந்த அறிஞர் குழு 1951 முதல் 1960 வரை நிகழ்ந்த துண்டாடலைப் பதிவு செய்துள்ளது. துண்டாடப்பெற்ற தோட்டத்தில் தொழிலாளி வேலையை இழந்தான். அதனோடு லயத்தையும், லயத்தோடு பாத்தியையும் இழந்தான். இதனைத் தடுக்கும் முயற்சியாக 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தோட்டத்தை வாங்குதல் அதன் நோக்கமாயிற்று. அப்பெரும்பணியில் வீட்டுப் பின்புறத்து ஆறேகால் சென்டுக்குத் தனிப்பட்டா என்னும் சிறு கோரிக்கைக்கு உரத்த குரல் எழவில்லை. பின்னர் 1974 திசம்பரில் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கி, வீட்டு வளவிலும் வெற்று நிலத்திலும் காய்கறி விளைவிக்குமாறு நாட்டு மக்களை அழைத்தார். அரை நூற்றாண்டாக அதனையே செய்துவந்த தோட்டத் தமிழர்க்கு அவ்வழைப்பில் புதுமை ஒன்றே: செய்வது நாட்டுத் தொண்டு என்று அப்போதுதான் சொல்லப்பட்டது.

ரப்பர் பெருமளவில் செம்பனைக்கு இடம் கொடுத்தபின், லயங்கள் குறைந்தன. தோட்ட மக்களின் வாரிசுகள் பலர் நகரங்களின் மலிவுவிலை வீடுகளிலும் அடுக்கு மாடிகளிலும் குடியேறினர். அங்கே மண் இல்லை, விறகடுப்பும் இல்லை. முற்றிய வெண்டையையும் கத்தரியையும் அடுப்புக்கு மேலே கட்டிப் புகையில் உலர்த்திக் காத்த வழக்கம் அடுப்போடு போயிற்று. கடைகளில் உறையிட்டு விற்கும் வீரிய ஒட்டு விதைகள் விளைச்சலில் குறைந்தன அல்ல. ஆனால் அவற்றின் காயிலிருந்து எடுத்த விதை தாயைப் போலப் பிறப்பதில்லையாதலின் பருவந்தோறும் புதிதாக வாங்க வேண்டும். முருங்கை மட்டும் விதையும் நாற்றங்காலும் வேண்டாது போத்து நட்டால் பிழைப்பது. மலாக்காவின் தமிழர் குடியிருப்புகளில் வேலிக்கு வெளியே, சாலைக்கு ஒதுக்கிய நிலத்தில், அதனை இன்றும் காணலாம்.