டிக்ஸ்வில் நாட்ச்
அமெரிக்காவின் நியூ ஹாம்ப்சயர் மாநில வடகோடியில், கனடா எல்லைக்கு அருகிலுள்ள மலைச் சிற்றூர். 1960 முதல் அதிபர் தேர்தல் நாள் பிறக்கும் நள்ளிரவிலேயே இவ்வூரார் வாக்களித்துவிடுகின்றனர். பட்டியலிலுள்ள அனைவரும் வாக்களித்ததும் சாவடியை மூடி எண்ணலாம் என மாநிலச் சட்டம் அனுமதிக்கிறது. ஆகவே ஒருவரும் விடுபடுவதில்லை, முடிவும் சில நிமிடங்களில் வந்துவிடும். இவ்வூரின் பால்சம்ஸ் விடுதி உரிமையாளர் நீல் டில்லட்சன், 2001இல் 102 வயதில் மறையும்வரை, முதல் வாக்கைப் பெட்டியில் இடுபவராக இருந்தார்.

1960இல் நிக்சனுக்கு 9 வாக்குகள். கென்னடிக்கு ஒன்றுகூட இல்லை. நெடுங்காலம் குடியரசுக் கட்சியின் கோட்டையாக இருந்த ஊர், 2008இல் ஒபாமாவுக்கு 15, மெக்கெய்னுக்கு 6 என மாறியது. 2020இல் பதிவான ஐந்து வாக்குகளும் பைடனுக்கு. 2024இல் ஹாரிசும் டிரம்பும் தலா 3. இவ்வளவு சிறிய எண்ணிக்கையை வைத்து நாட்டின் போக்கைக் கணிப்பது வீண். முழு வாக்குப்பதிவே இவ்வூரின் உண்மையான சிறப்பு.